என் முறை வந்ததும் உதிர்ந்த அரசு

மைக்கில் கரகரவென்று ஒரு சத்தம். அதன் பின்னால் மாணிக்கம் சாரின் குரல்.

"இந்த வருசம் துண்டு கெடையாது. யாரும் யாருக்கும் உத்தரவு குடுக்க வேண்டியதில்ல. கண்மாய் ஒங்களோடது. மக்களே, நீங்களா எறங்குங்க!"

கரை முழுக்க ஆள். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மணப்பாறை, இலுப்பூர் பக்கமிருந்து டாடா ஏஸில் வந்து இறங்கியவர்கள், பைக்கில் வலையைச் சுற்றிக் கட்டி வந்தவர்கள், மீன் கவிழ்க்கிற மூங்கில் கூடையான ஊத்தாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றவர்கள் என்று நிற்க இடமில்லை. முழங்கால் ஆழச் சேற்றுத் தண்ணீரில் கெண்டை துள்ளுகிற சத்தம் கரை வரைக்கும் கேட்டது.

இறங்குங்கள் என்று சொல்லியாகிவிட்டது. ஒருவர்கூட இறங்கவில்லை.

நான் மாணிக்கம் சாருக்கு இரண்டு எட்டு தள்ளி நின்றிருந்தேன். அப்போது அந்த ஊரின் ஊராட்சி மன்றத் தலைவர் நான்தான். அன்றைக்குத் துண்டு வீச வேண்டியவளும் நான்தான். தலைக்குக் குளித்து, புதுச் சேலை கட்டி, கை உயர்த்தும்போது கிழியாத ஜாக்கெட்டாகத் தேடிப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். துண்டு கிடையாது என்பது கூட்டத்துக்குத் தெரிந்த அதே நேரத்தில்தான் எனக்கும் தெரிந்தது.

துண்டுக்கு ஒரு விளக்கம்

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கோடையில் கண்மாய் வற்றும்போது, இனி இந்தத் தண்ணீர் வயலுக்கு வேண்டாம் என்றானதும், ஊரார் ஒரு நாள் குறித்து அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவிடுவார்கள். முன்பு தண்டோரா, இப்போது வாட்ஸப். யார் வேண்டுமானாலும் வரலாம். கட்டணம் கிடையாது. பிடித்த மீன் பிடித்தவருக்கு. விற்கக் கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைத்துத் தின்ன வேண்டும். பொதுவுடைமை எப்படி இருக்கும் என்று கேட்பவர்களை நான் எங்கள் ஊர்க் கண்மாய்க்குத்தான் கூட்டிப்போவேன்.

ஒரே ஒரு நிபந்தனை. ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீச வேண்டும். அதுவரை தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. வைத்தால் மீன் திருட்டு. ஊர்க் கூட்டத்தில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள்.

எங்கள் ஊரில் துண்டு பெரிய வீட்டுக்காரர்களுடையது. மாணிக்கம் சாரின் அண்ணன் வீசுவார். அதற்கு முன் அவர்களுடைய அப்பா வீசினார்.

அப்புறம் இன்னொரு வழக்கம், யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. நாங்கள் காலனிக்காரர்கள். எங்கள் தெரு ஆட்கள் கரையின் கோடியில், மிச்சத் தண்ணீர் வழிந்தோடுகிற கழுங்குப் பக்கம் நிற்போம். துண்டு விழுந்ததும் ஊர் இறங்கும், வெளியூர் இறங்கும். முதல் கலக்கல் முடிந்து நல்ல மீனெல்லாம் கூடைக்குப் போன பிறகு நாங்கள் இறங்குவோம். இப்படித்தான் செய்ய வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. போட்டிருந்தால் எதிர்த்து வழக்காவது போட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைப் புரட்சி

விராலிமலையில் நெடுஞ்சாலையை ஒட்டி நான் வைத்திருந்த ஜெராக்ஸ் கடையைப் பற்றி இந்தத் தொடரில் போதுமான அளவு அழுதிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அது என்னவாக மாறும் என்பதை மட்டும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

செல்லையா தோழர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், பழைய கட்சிக்காரர். தடித் தடிப் புத்தகங்களைக் கொண்டுவந்து சில பக்கங்களை மட்டும் நகல் எடுப்பார். மெஷின் சூடாகி நிற்கிற நேரத்தில் நான் அவற்றைப் படிப்பேன். ஒரு நாள் கேட்டேன். "தோழர், முன்னால அரச ஒழிக்கணும்னு போட்டிருக்கு, பின்னால அரச இன்னும் பலமாக்கணும்னு போட்டிருக்கு. ரெண்டையும் எடுக்கவா, ஒண்ணு போதுமா?"

கண்ணாடியைக் கழற்றி என்னை ஒருமுறை பார்த்தார். "உக்காருங்க தோழர்" என்று என் கடையில் என்னையே உட்காரச் சொன்னார். எங்கள் வட்டம் அப்படித் தொடங்கியது.

மாணிக்கம் சார் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். கதர் வேட்டி, கதர்ச் சட்டை, தோளில் கதர்த் துண்டு. ரபீக் வக்கீல் என்னைவிட இளையவர், கீரனூர் கோர்ட்டுக்குப் போய்வருகிறவர். மூன்று பேருமே தங்களைச் சோசலிஸ்ட் என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். மற்ற இருவரும் சோசலிஸ்ட் இல்லை என்பதிலும் மூவருக்கும் ஒரே கருத்துத்தான்.

"அரசுங்கிறது ஆளுற வர்க்கம் கையில இருக்குற தடி" என்பார் செல்லையா தோழர். "அதப் பறிக்கணும். பறிச்சு நாம வச்சுக்கணும். மேல கீழங்கிறது இல்லாமப் போனதும் அதுக்கு வேலை இருக்காது. தானா உதிர்ந்துரும்."

"கையில கெடைச்ச தடிய எவன்யா கீழ போட்டான்?" என்பார் மாணிக்கம் சார். "அரசே வேணாம். ஊரு போதும். கண்மாய யாரு வெட்டுனா, கலெக்டரா? சனங்க கூடி வெட்டுனாங்க. சமுதாயத்த அது பாட்டுக்கு விட்டாப் போதும், அதுவே நியாயமா நடந்துக்கும்."

"ரெண்டு பேரும் மாசம் பொறந்தா பென்சன் வாங்குறீங்கல்ல?" என்று ரபீக் சிரிப்பார். "இருக்குற அரச ஒழுங்கா நடத்துனாப் போதும். ஓட்டு, சட்டம், திட்டம். கொஞ்சம் கொஞ்சமா எல்லாம் சரியாகும்." சட்டத்தில் இவ்வளவு நம்பிக்கை வைத்திருந்த அவருடைய சொந்த வீட்டுப் பாகப்பிரிவினை வழக்கு அவர் பள்ளிக்கூடம் போகும்போது போட்டது. அது இன்னும் நடந்துகொண்டிருந்தது.

பென்சன் தாமதமான மாதங்களில் செல்லையா தோழர் அரசை இரண்டு மடங்கு திட்டுவார். அது உதிர்வதற்கு முன் நிலுவையைக் கொடுத்துவிட்டு உதிர வேண்டும் என்று அவருக்குக் கவலை.

எனக்கு ஒரு கேள்வி இருந்தது. ஊர் கூடிக் கண்மாய் வெட்டியது சரி. மண் சுமந்தவர்கள் எங்கே நின்று சுமந்தார்கள்? சுமந்து முடித்த பிறகு அவர்களை யார் கழுங்குப் பக்கம் அனுப்பினார்கள்? அதைச் செய்தது அரசு இல்லையே. அந்தச் சமுதாயம்தானே, அது பாட்டுக்கு விடப்பட்ட சமுதாயம்?

இதைக் கேட்டால் மாணிக்கம் சார் உண்மையிலேயே வருத்தப்படுவார். "அதெல்லாம் இடையில வந்த கோளாறும்மா" என்பார். நல்ல மனிதர். என் கடையில் கண்ணாடி டம்ளரில் டீ குடித்துவிட்டு அவரே கழுவி வைப்பார். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. அவர் வீட்டில் அப்படிச் செய்த முதல் ஆள் அவர்தான்.

நானே அரசானேன்

பிறகு ஒரு தேர்தலில் எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி எங்கள் வகுப்புப் பெண்களுக்கு என்று ஒதுக்கினார்கள். பெரிய வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணை நிறுத்தலாம் என்று ஊரில் பேச்சு. வட்டத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. மூன்று தத்துவமும் சேர்ந்து எனக்கு ஓட்டுக் கேட்டன. அரசை ஒழிக்க வேண்டும் என்கிறவர்கள் வீடு வீடாகப் போய் என்னை அரசாக்கச் சொல்லிக் கும்பிட்டார்கள். நூலிழையில் ஜெயித்தேன்.

அதன் பிறகுதான் வேடிக்கை. செல்லையா தோழர் தெருவிளக்குக் கேட்டு ஊராட்சி அலுவலகத்தின் முன்னால் நாலு பேரோடு கோஷம் போட்டார். போட்டுவிட்டு உள்ளே வந்து, "தொண்ட வறண்டுருச்சு தோழர்" என்று தண்ணீர் வாங்கிக் குடித்தார். மாணிக்கம் சார் கொள்கைப்படி அலுவலகத்துக்குள் கால் வைக்க மாட்டார். ஜன்னலுக்கு வெளியே நின்று, "எங்க தெருப் பைப்புல ரெண்டு நாளாத் தண்ணி வரல, மல்லிகா" என்பார். ரபீக் வாரத்துக்கு ஒரு புதுத் திட்டத்தோடு வருவார். கத்தாரிலிருந்து என் வீட்டுக்காரர் போனில் கேட்பார், "ஒன் அரசு எப்படிப் போகுது?" என்று. அது சைக்கிளில் போகிறது என்பேன்.

பல கோடைக்குப் பிறகு அந்த வருடம்தான் கண்மாய் நிறைந்து வற்றியது. குத்தகைக்காரர்கள் மோப்பம் பிடித்து வந்தார்கள். மீனைக் குத்தகைக்கு விடுவதில்லை, பழையபடி ஊருக்கே திறந்துவிடுவது என்று மன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றினேன். ஊரில் எனக்கு ஒரு மரியாதை வந்த ஒரே வாரம் அது.

அந்தச் சமயம் மாணிக்கம் சாரின் அண்ணன் மூட்டு ஆபரேஷன் செய்து மதுரை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். துண்டை யார் வீசுவது?

ஞாயிற்றுக்கிழமை வட்டத்தில் மாணிக்கம் சாரே பேச்சை எடுத்தார். "நீதாம்மா வீசணும். தலைமுறை தலைமுறையா எங்க வீட்டுல கெடந்த துண்டு, வெளிய வரட்டும்." சொல்லும்போது அவர் கண் கலங்கியது. மற்ற இருவரும் மேசையைத் தட்டினார்கள். ஊர்க் கூட்டத்தில் அவரே பேசிச் சம்மதமும் வாங்கினார். என் ஆயுளில் நான் அவ்வளவு சந்தோஷமாகத் தூங்கப் போன இரவுகள் குறைவு.

மூன்று பாதை

இனி கரைக்கு வருவோம்.

மாணிக்கம் சார் மைக்கை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நின்றார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அவருடைய அப்பா காலத்தில் வீசலாம், அண்ணன் காலத்தில் வீசலாம். என் முறை வரும்போதுதான் அதிகாரம் என்பது அசிங்கமாகி உதிர்ந்துபோக வேண்டுமா?

செல்லையா தோழர் விரைந்து என்னிடம் வந்தார். "தோழர், நிதானம். இங்க நிக்கிறது பூரா உழைக்கிற சனம். துண்டப் பத்திப் பேசுனா சனம் ரெண்டாப் பிரிஞ்சிரும். பெரிய மாற்றம் வாரப்ப இதெல்லாம் தானாச் சரியாயிரும்."

"அது எப்ப வருது தோழர்?"

"வரும்."

"அதுவரைக்கும் இந்த மீனு உசுரோட இருக்குமா?"

இந்தப் பக்கம் ரபீக். "அக்கா, சட்டம் நம்ம பக்கந்தான். இன்னைக்கு ஒரு நாள் விட்டுக்குடுங்க. மனுப் போட்டு, அடுத்த தடவ உத்தரவோட வந்து வீசுவோம்."

"அடுத்த தடவ கண்மாய் எப்ப நெறையும்னு ஒங்க சட்டத்துக்குத் தெரியுமா தம்பி?"

அரசை ஒழிப்பவர், அரசைப் பிடிப்பவர், அரசைத் திருத்துபவர். இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு முடிவுக்கும் வராத மூவரும் அன்று காலை ஒன்றுபட்டுவிட்டார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பதே அந்த ஒற்றுமை.

கூட்டத்திலிருந்து மணப்பாறைக்காரர் ஒருவர் கத்தினார். "ஏங்க, துண்டு எங்கங்க? வெயில் ஏறுதுல்ல!"

"துண்டு வேணாங்க. நீங்களா எறங்கலாம்" என்றார் மாணிக்கம் சார்.

"அப்ப மொதல்ல யாருங்க எறங்குறது?"

முதலில் இறங்குகிறவன் நாளைக்குத் திருடனாகிவிடுவான் என்று அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நான் அவர் அருகில் போனேன். "சார், துண்டக் குடுங்க."

குரலைத் தாழ்த்தினார். "மல்லிகா, அங்கிட்டுப் பாரு."

பார்த்தேன். அவர் வீட்டு ஆட்கள் வரிசையாக நின்றார்கள். நடுவில் அண்ணன் மகன் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். மதுரையில் கட்டிலில் படுத்தபடி அண்ணன் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் போதும் என்று சொன்ன மனிதருக்கு முன்னால் ஊர் அந்தப் போன் அளவுக்குச் சுருங்கி நின்றது. கொள்கையைக் கைவிடவும் அவருக்கு மனமில்லை, அண்ணனை எதிர்க்கவும் தைரியமில்லை. இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி துண்டையே ஒழித்துவிட்டார். அதை அவர் மனதார நம்பியும் இருந்தார் என்பதுதான் பரிதாபம்.

எங்கள் அப்பா அந்தப் பெரிய வீட்டைக் கடக்கும்போது தோளில் கிடக்கிற துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். நான் கையை நீட்டி மாணிக்கம் சாரின் தோளில் கிடந்த துண்டை எடுத்தேன்.

அவர் தோளைக் கொஞ்சம் சாய்த்தார். தான் கொடுத்ததாக அவர் இன்றைக்கும் சொல்கிறார். நான்தான் எடுத்தேன் என்று நான் சொல்கிறேன்.

கரையின் ஓரத்துக்குப் போய் வீசினேன். கதர் கனமான துணி, சரியாகப் பறக்கவில்லை. சேற்றில் போய்த் தொப்பென்று விழுந்தது. அதுவே போதுமாக இருந்தது. மணப்பாறைக்காரர்கள்தான் முதலில் பாய்ந்தார்கள். துண்டு யார் கையிலிருந்து வந்தது என்று அவர்கள் பார்க்கவில்லை, மீனைத்தான் பார்த்தார்கள். வெளியூர்க்காரன் விராலைப் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு எங்கள் ஊர் எத்தனை நேரம் நிற்கும்? பெரிய வீட்டு ஆட்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். போனைப் பிடித்திருந்தவன் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினான். அண்ணன் மதுரையில் என்ன பார்த்தாரோ தெரியாது.

கழுங்குப் பக்கம்

எனக்குத் தலைகால் புரியவில்லை. சிரித்துக்கொண்டே எங்கள் தெருப் பக்கம் திரும்பினேன்.

அவர்கள் கழுங்குப் பக்கம் அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள். ஊத்தாவைக் கையில் பிடித்தபடி, எப்போதும்போல, முதல் கலக்கல் முடியட்டும் என்று. நான் கையை ஆட்டினேன், கத்தினேன். அந்த இரைச்சலில் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் இறங்கியிருப்பார்களா என்று தெரியாது. நல்ல மீனெல்லாம் போன பிறகுதான் இறங்கினார்கள். என் எதிர்வீட்டு அஞ்சலைக்குக் கிடைத்தது ஒரு கை சின்னக் குறவை மீன்.

சாயங்காலம் ஊர் முழுக்க மீன் குழம்பு வாசம். மாங்காய் போட்டது, மொச்சை போட்டது என்று தெருவுக்கொரு வாசம். அஞ்சலை என் வாசலில் வந்து நின்றாள்.

"துண்டு வீசினியே, பாத்தேன்" என்றாள். "எனக்குப் பெருமதான். ஆனா நீ வீசின துண்டுக்கும் நாங்க கடைசியாத்தானடி எறங்குனோம்?"



மாணிக்கம் சார் சில வாரம் கடைப்பக்கம் வரவில்லை. வந்தபோது தோளில் துண்டு இல்லை. "அதிகாரம் ஒன்னையும் மாத்திருச்சேம்மா" என்றார்.

"கவலப்படாதீங்க சார். அடுத்த சுத்துல தலைவர் பதவி பொதுவுக்குப் போயிரும். அப்ப என் அதிகாரம் தானா உதிர்ந்துரும்" என்றேன். செல்லையா தோழர் சிரித்தார். சார் சிரிக்கவில்லை.

அப்படியேதான் நடந்தது. என் காலம் முடிந்து, தேர்தலே நடக்காமல் சில ஆண்டுகள் தனி அலுவலர் ஒருவர் ஆண்டார். பிறகு பதவி பொதுவுக்குப் போய், அந்தப் போன் பிடித்த அண்ணன் மகன் தலைவரானான்.

இன்னொரு கோடை

மறுபடியும் கண்மாய் நிறைந்து வற்ற நெடுநாள் ஆனது. இந்தத் தடவை பிளக்ஸ் பேனர், பெரிய ஸ்பீக்கர். துண்டு தலைவர் கையில் இருந்தது, பட்டு ஜரிகை போட்டது. பக்கத்தில் மாணிக்கம் சார் நின்றார். துண்டு வேண்டாம், உத்தரவு வேண்டாம் என்று அன்று அவர் எதுவும் பேசவில்லை.

நான் எங்கள் தெருவோடு கழுங்குப் பக்கம் நின்றேன். தலைவர் மைக்கில் நன்றி சொல்லிக்கொண்டிருந்தான். எம்.எல்.ஏ.வுக்கு, ஊர்ப் பெரியவர்களுக்கு, காவல் துறைக்கு. நன்றி நீண்டுகொண்டே போனது.

அஞ்சலை சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகினாள்.

"எங்கடி?" என்றேன்.

"எனக்குக் கால் வலிக்குது. இதுக்கு மேல நிக்க முடியாது" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். துண்டு இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

அவள் பின்னால் அவள் மருமகள் இறங்கினாள். அப்புறம் தெருவே இறங்கியது. நானும் இறங்கினேன். சேறு கணுக்காலைப் பிடித்து இழுத்தது. காலுக்கிடையில் ஏதோ வழுக்கிக்கொண்டு ஓடியது.

ஸ்பீக்கரில் நன்றி நின்றது. "கழுங்குப் பக்கம் எறங்கினவங்க கரையேறுங்க. துண்டு வீசுறதுக்கு முன்னால யாரும் எறங்கக் கூடாது. ஒடனே கரையேறுங்க."

கண்மாய் முழுக்கக் கேட்டது. அஞ்சலை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஊத்தாவைச் சேற்றில் அழுத்தி, உள்ளே கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள்.